நோயறிகலையும் தாதியரும்: ஒரு வரலாற்று நோக்கு

மருத்துவ வரலாறு எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையே எழுதிச் சென்றனர். கொயினா ஐரோப்பாவிற்கு எவ்வாறு வந்தது, அம்மைப்பால் குத்தும் முறையை யார் தொடங்கினார், பெனிசிலின் எவ்வாறு கண்டுபிடிக்கப்பட்டது என்பனவற்றைப் பள்ளி மாணவரும் கூறுவர். ஆயின், மருந்தைக் கொடுக்குமுன் நோய் இன்னதெனத் துணிதல் வேண்டுமன்றோ? உயிருள்ள உடம்பின் உள்ளே நிகழ்வதைத் திறந்து பாராமலே அறிவது எங்ஙனம்? அவ்வாறு அறியும் வழிகளைக் கண்டவர் யாவர்? அவ்வழிகளைக் கையாளும் உரிமை யாரிடம் இருந்தது, யாரிடம் சென்றது? இவை பற்றிப் பேசும் நூல்கள் தமிழில் மிகச் சில.

இக்கட்டுரையை எழுதுவோன் வைத்தியனல்லன், வரலாறு கற்பிப்பவன். நம் பழைய மாணவர் குடும்பங்கள் பலவற்றில் இன்று கடல் கடந்த நாடுகளிலே தாதியராய்ப் பணிபுரிவோர் உளர். அந்நாடுகள் சிலவற்றில் தாதியர் மேற்படிப்புக் கற்று, நோயாளியின் மார்பையும் வயிற்றையும் தாமே பரிசோதித்து, நோயைத் துணிந்து, மருந்தும் எழுதிக் கொடுக்கின்றனர் என்று கேட்டபோது எமக்கு வியப்பு உண்டாயிற்று. நாம் சிறுவராயிருந்த காலத்துத் தாதியர் வெப்பமானியை வாயில் வைத்து எடுத்து, அதன் இலக்கத்தைக் குறித்துவிட்டுப் பேசாது போயினர். அவ்விலக்கத்தின் பொருளைக் கேட்டால், "டொக்டர் சொல்லுவார்" என்பதே விடை. அந்த விடையிலிருந்து இந்த நிலைக்கு வந்த வழி யாது என்பதே எம் வினா.

முதலில் வைத்தியரைப் பற்றியே பேசுதல் வேண்டும். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலே கற்றறிந்த வைத்தியர் நோயாளியின் உடம்பைத் தொட்டது குறைவு. நோயாளி சொல்லும் வரலாற்றைக் கேட்பர்; நாடியைப் பிடிப்பர்; நாவையும் சிறுநீரையும் பார்ப்பர். நோயாளியை நேரிற் காணாது, கடிதத்தில் எழுதியனுப்பிய குறிகளைக் கொண்டே மருந்து சொல்லியனுப்பும் வழக்கமும் இருந்தது. கையினாற் செய்யும் வேலை இரணவைத்தியர்க்கு உரியது, அதனால் இழிந்தது என்பது அக்காலத்துக் கருத்து. நம் சித்த மருத்துவத்தார் நாடி, பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என எண்வகைத் தேர்வு வகுத்து, அவற்றுள் தொட்டறிதலையும் ஒன்றாக வைத்தமை இங்கு நினைக்கத் தக்கது. எனினும் அவ்வெட்டிலும் உடம்பின் உள்ளொலியைக் கேட்டறியும் தேர்வு காணப்படவில்லை. இங்கிலாந்தில் ஜோன் புளோயர் என்பார் நாடித்துடிப்பை எண்ணுதற்கென்றே ஒரு கடிகாரம் செய்வித்து 1707 ஆம் ஆண்டில் அதுபற்றி நூல் வெளியிட்டார். ஆயினும் துடிப்பை எண்ணுவது வைத்தியர்க்கு வழக்கமாவதற்கு நூறாண்டுக்கு மேல் சென்றது. கருவி கிடைத்தவுடன் அறிவு மாறிவிடும் என்று நினைப்பவர் இதனைக் கருதுக.

1761 ஆம் ஆண்டு இக்கலையின் வரலாற்றிலே குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இரு நூல்கள் வெளிவந்தன. ஒன்று, இத்தாலியில் பாதுவா நகரத்துப் பேராசிரியர் மொர்காக்னி தம் எழுபத்தொன்பதாம் அகவையில் வெளியிட்ட பெருநூல். ஏறத்தாழ எழுநூறு நோயாளரின் நோய்க்குறிகளையும், அவர் இறந்தபின் உடம்பைத் திறந்து கண்டவற்றையும் அவர் ஒப்பிட்டுக் காட்டினார். நோய் என்பது உடம்பெங்கும் பரவிய நீர்களின் கேடு என்ற பழங்கொள்கை அந்நூலினால் ஆட்டங்கண்டது. நோய்க்கு இடமுண்டு, அவ்விடம் ஒரு குறித்த உறுப்பு என்பது அவர் காட்டிய உண்மை.

மற்றையது வியன்னாவில் வெளிவந்த, நூறு பக்கமுமில்லாத சிறு இலத்தீன் நூல். அதனை எழுதியவர் லியோப்போல்ட் அவுன்புறுக்கர். இவர் 1722 இல் கிறாஸ் நகரில் ஒரு விடுதிக்காரரின் மகனாய்ப் பிறந்தவர். தந்தையார் மதுப் பீப்பாய்களைத் தட்டி, அவற்றுள் மது எம்மட்டில் நிற்கிறதென அறிவதைப் பார்த்தே இவருக்கு இக்கருத்துத் தோன்றியது என்று ஒரு கதை வழங்குகின்றது. கதை மெய்யோ பொய்யோ, அதன் உட்பொருள் நமக்குப் புதிதன்று. யாழ்ப்பாணத்துச் சந்தையிலே பலாப்பழம் வாங்குவோர் தட்டிப் பார்த்து வாங்குவர். புதுப்பானை வாங்கும் பெண்கள் சுண்டிப் பார்த்துக் கீறலுள்ளதை ஒதுக்குவர். வெற்றிடத்தின் ஒலி வேறு, நிறைந்ததன் ஒலி வேறு. இந்த எளிய அறிவை மனிதரின் மார்பிற்கு ஏற்றிப் பார்க்க ஒருவரும் நினையாதிருந்ததே வியப்பு. காற்று நிறைந்த சுவாசப்பையின்மேல் விரல்களால் தட்டினால் துணி போர்த்த பறையின் ஒலி எழும். நெஞ்சறையில் நீர் கட்டியிருந்தால் ஒலி மங்கும். அவுன்புறுக்கர் இதனை நோயாளரிடம் ஏழாண்டு சோதித்தார். பிரேதங்களின் நெஞ்சறையில் நீரைச் செலுத்தி, நீர் ஏற ஏற மங்கொலியின் எல்லையும் ஏறுவதைக் கண்டு உறுதிசெய்தார். கருதியதை மெய்ப்பிக்கச் செயற்கையாக ஒரு நிலையை உண்டாக்கிப் பார்த்த இச்செய்கையே அவரை விஞ்ஞானியாக்கியது.

நூலை அக்காலத்து வியன்னாப் பெரியோர் பொருட்படுத்தவில்லை. ஏறத்தாழ ஐம்பது ஆண்டு அது கிடந்தது. நெப்போலியனின் வைத்தியராகிய கோர்விசார் அதனைத் தம் மாணவர்க்குக் கற்பித்து, 1808 இல் பிரெஞ்சு மொழியில் விரிவாகப் பெயர்த்து வெளியிட்டார். தாம் விரும்பியிருந்தால் இம்முறையைத் தமதாகவே எழுதிப் புகழ் கொண்டிருக்கலாம் என்றும், மறக்கப்பட்டவரின் பெயரை மீட்பதே தம் நோக்கமென்றும் அவர் முன்னுரையிற் குறித்தார். அவுன்புறுக்கர் அடுத்த ஆண்டில், 1809 இல், காலமானார்.

பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர் பாரிஸ் வைத்தியசாலைகளின் நிலை மாறிற்று. நூற்றுக்கணக்கான ஏழை நோயாளர் ஒரே கூரையின் கீழ்க் கிடந்தனர். ஒரே நோயைப் பலரிடத்துப் பார்க்கவும், இறந்தாரின் உடம்பைத் திறந்து முன்னர்த் துணிந்தது சரியா பிழையா என ஒப்பிடவும் அங்கே இயன்றது. ஏழையரின் உடம்பிலிருந்தே இவ்வறிவு பெறப்பட்டது என்பதை மருத்துவப் புகழ் பாடுவோர் சிலர் மறந்துவிடுகின்றனர்.

கோர்விசாரின் மாணவர் இறெனே லெனெக். நெக்கர் வைத்தியசாலையில் 1816 இல் இதயநோய்க்குரிய குறிகளுடைய ஓர் இளம்பெண்ணை அவர் பரிசோதிக்க நேர்ந்தது. உடற் பருமனால் தட்டிப் பார்த்தல் பயன்படவில்லை. மார்பிற் காதை வைத்துக் கேட்பதை அவளது வயதும் பெண்மையும் தடுத்தன. மரத்துண்டின் ஒரு முனையை ஊசியாற் கீறினால் மறுமுனையிற் காது வைத்தோர்க்கு அவ்வொலி தெளிவாய்க் கேட்குமென்பது அவர் நினைவுக்கு வந்தது. கடதாசித் தாள்களை இறுகச் சுருட்டி ஒரு முனையை மார்பிலும் மறுமுனையைத் தம் செவியிலும் வைத்தார். வெறுங் காதினாற் கேட்டதிலும் இதயத்தின் ஒலி தெளிவாய்க் கேட்டது. பின்னர் மரத்திற் குழல் கடைந்தார். அவர் புல்லாங்குழல் வாசிப்பவர் என்பதும் அறியத்தக்கது. நாணத்தினால் உண்டான இடைவெளியை நிரப்ப வந்த குழலே ஸ்ரெதஸ்கோப்பு ஆயிற்று. 1852 இல் அமெரிக்கராகிய காமன் இரு செவிக்குமுரிய வடிவத்தைச் செப்பஞ் செய்தார்.

லெனெக்கின் பெருமை குழலைக் கண்டதில் மட்டுமன்று. கேட்ட ஒலிகள் ஒவ்வொன்றையும் பிரித்து, பெயரிட்டு, இறந்தாரின் உறுப்போடு பொருத்தி, 1819 இல் நூலாக்கினாரே, அதுவே அரிய செயல். பெயரில்லாத ஒலியைக் கேட்டும் கேளாதவராவோம். வீணை கேட்கப் பழகாதவன் கமகத்தைக் கேட்பதில்லை. நெஞ்சறையில் நீர் தேங்கியவனைப் பேசச் சொல்லிக் கேட்டால், நீரின் மேல் விளிம்பில் அவன் குரல் ஆடு கனைப்பதுபோல் நடுங்கிக் கேட்கும். அதற்கு ஆட்டுக்குரல் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை அவர் ஆக்கினார். அச்சொல்லை உலகெங்கும் மாணவர் இன்றும் பயில்கின்றனர். கசரோகத்தைப் பற்றி அவரளவு அறிந்தவர் அக்காலத்தில் இலர். அந்நோயினாலேயே 1826 இல், தம் நாற்பத்தைந்தாம் அகவையில், மாண்டார். அவருடைய குழலைக் கொண்டே அவர் மருமகன் அவர் மார்பில் அந்நோயின் ஒலிகளைக் கேட்டான் என்பர்.

ஒலிக்கும் உறுப்புக்கும் பெயர் வேண்டுமென்ற இடர் நம்மவர்க்கும் வந்தது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியம் செய்தும் கற்பித்தும் வாழ்ந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், முதலில் ஆங்கிலத்திற் கற்பித்தார். 1860 களிற் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். "மனுஷ அங்காதிபாதம்", "இரணவைத்தியம்", "வைத்தியாகரம்" முதலிய பெருநூல்கள் அவராலும் அவர்தம் மாணவராலும் தமிழில் வெளிவந்தன. தமிழிலோ வடமொழியிலோ வழங்கும் சொல்லை முதலில் தேடுவது, கிடையாவிடத்து ஆக்குவது, அதுவும் இயலாவிடத்து மேனாட்டுச் சொல்லை எழுத்துப்பெயர்ப்பது என அவர்கள் ஒரு நெறி கொண்டு, கலைச்சொற்றொகுதிகளும் வகுத்தனர். 1873 இல் கிறீன் தாயகம் திரும்பினார். நாட்டின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்தின் வழியே சென்றமையால் அம்முயற்சி தொடராதொழிந்தது. அதனாலேயே இக்கட்டுரையில் யாமும் சில இடங்களிற் சொல் தேடித் தடுமாறுகின்றோம்.

இனித் தாதியரிடம் வருவாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உடம்பை அளக்கும் கருவிகள் பெருகின. ஜெர்மனியில் லைப்சிக் நகரத்து வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளரின் உடல் வெப்பத்தை அளந்து, 1868 இல் நூல் எழுதினார். சுரம் ஒரு நோயன்று, நோயின் குறி என்று தெளிந்தது அதன் பின்னரே. அதுவரை வெப்பமானி ஓரடி நீளம். வெப்பங்காட்ட இருபது நிமிடம் செல்லும். இங்கிலாந்தில் கிளிபர்ட் ஓல்பட் 1860 களில் ஆறங்குல நீளத்தில், ஐந்து நிமிடத்தில் அளக்கும் ஒன்றை அமைத்தார். கருவி சிறியதாயிற்று, எல்லா நோயாளரையும் நாள்தோறும் பன்முறை அளக்கலாமென்ற நிலை வந்தது. வைத்தியரோ நாளில் ஒரு முறை வந்து போவார். இரவும் பகலும் அங்கிருந்தவர் தாதி. எனவே வெப்பமானி அவள் கைக்கு வந்தது.

புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையாரின் "நோட்ஸ் ஒன் நர்சிங்" என்னும் நூலில் நோயாளியை உற்றுநோக்குதல் பற்றித் தனி அதிகாரமொன்று உண்டு. அம்மையாரை விளக்கேந்திய மாதராக மட்டும் அறிந்தவர் அதனைப் படித்தால் வேறொருவரைக் காண்பர். வினாவுக்குள் விடையை வைத்துக் கேட்பதை அவர் கடிந்தார். நோயாளி நன்றாகத் தூங்கினாரா என்று கேட்டால் ஆம் என்ற விடை வரும். அதனால் ஒன்றும் அறியப்படாது. எத்தனை மணிநேரம் தூங்கினார், எந்த வேளைகளிலே தூங்கினார் என்று கேட்டல் வேண்டும் என்பது அவர் போதனை. நீதிமன்றத்திற் சான்று விசாரிப்போர் அறிந்த நுட்பமன்றோ இது? ஆயினும், நோக்கியதை வைத்தியருக்கு உரைப்பதே தாதியின் கடன் என்னும் வரம்பையும் அக்காலம் வகுத்தது. 1860 இல் இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயராற் தொடங்கிய பயிற்சிப் பள்ளியின் மாணவியர் இவ்வொழுங்கை உலகெங்கும் கொண்டு சென்றனர். அளப்பது தாதி, பொருள் காண்பது வைத்தியர் என்ற பிரிவு இங்ஙனம் நிலைத்தது.

ஸ்ரெதஸ்கோப்பின் பயணமும் இதனையே காட்டும். இத்தாலியராகிய றிவா-றொச்சி 1896 இல் கைப்பட்டையால் குருதியமுக்கத்தை அளக்கும் கருவியைச் செய்தார். உருசியப் படையின் இரணவைத்தியர் கொறொட்கொவ், பட்டையின் கீழே ஸ்ரெதஸ்கோப்பை வைத்துக் கேட்டால் மேலெல்லையும் கீழெல்லையும் ஒலியால் அறியலாமென 1905 இல் அறிவித்தார். தொடக்கத்தில் இதுவும் வைத்தியரின் வேலையாகவே இருந்தது. வேலை பெருகவே தாதியரிடம் விடப்பட்டது. ஆகவே லெனெக்கின் குழல் தாதியரின் கைக்கு வந்தபோது நோயாளியின் முழங்கை மடிப்பிலே வைப்பதற்கே வந்தது. அங்கிருந்து மார்புக்கு ஒரு சாண் தூரம். அத்தூரத்தைக் கடக்க மேலும் அரை நூற்றாண்டு ஆயிற்று.

அமெரிக்கத் தாதியர் சங்கம் 1955 இல் தாதியத் தொழிலுக்கு ஒரு வரைவிலக்கணம் வகுத்தது. நோயாளியை நோக்குதல், பராமரித்தல், ஆலோசனை கூறுதல் முதலியவற்றை அடுக்கிய பின்னர், நோய் துணிதலும் மருத்துவம் விதித்தலும் இதனுள் அடங்கா என்று அது வெளிப்படக் கூறியது. வைத்தியர் விதித்த தடையன்று இது. தாதியரின் சங்கமே தம்மேல் இட்டுக்கொண்ட தளை. பல மாநிலங்களின் சட்டங்களில் இவ்வாசகம் ஏறியது.

சட்டம் இவ்வாறிருக்க, வைத்தியசாலையின் இரவு எவ்வாறிருந்தது? லெனாட் ஸ்ரைன் என்னும் மனநோய் வைத்தியர் 1967 இல் எழுதிய கட்டுரையொன்றிலே அதனைத் திறந்து காட்டினார். நள்ளிரவில் தாதி வைத்தியரைத் தொலைபேசியில் அழைக்கிறாள். இன்ன நோயாளி தூங்கவில்லை, இன்றுதான் தகப்பனார் இறந்த செய்தி வந்தது என்கிறாள். முன்னர் அவருக்கு எந்த மருந்து உதவிற்று என்று வைத்தியர் வினவுகிறார். முந்தாநாள் இன்ன மருந்து, இன்ன அளவில், நன்கு பயன்பட்டது என்கிறாள் தாதி. அதனையே வைத்தியர் கட்டளையாகச் சொல்ல, அவள் நன்றி கூறுகிறாள். துணிந்தவளும் அளவு சொன்னவளும் தாதி. துணிந்தவராகக் குறிக்கப்படுபவர் வைத்தியர். இவ்விருவரும் அறிந்தே ஆடும் ஆட்டமென ஸ்ரைன் இதற்குப் பெயரிட்டார். ஆட்டம் தவறினால் இழப்பு மூன்றாமவருக்கு. குறிப்பை வைத்தியர் உணராவிட்டாலும், தாதி அஞ்சிக் குறிப்பைக் காட்டாவிட்டாலும், கட்டிலிற் கிடப்பவனே வருந்துவான்.

வைத்தியர் இல்லாத இடத்தில் இவ்வாட்டம் ஆட முடியாது. கென்ரக்கி மாநிலத்து மலைப்பகுதியில் மேரி பிறெக்கின்றிட்ஜ் அம்மையார் 1925 இல் தொடங்கிய தாதியர் சேவை இதற்குச் சான்று. குதிரையேறிச் சென்ற தாதியர் பிரசவம் பார்த்தனர்; குழந்தைகளின் நோயையும் பார்த்தனர். வைத்தியர் குழுவொன்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த நிலைக்கட்டளைகளின்படி அவர்கள் மருந்தளித்தனர். இன்ன குறிகளைக் கண்டால் இன்னது செய்க என்பது கட்டளை. ஆயின் இன்ன குறிகள் உளவா என்று கண்டவர் யார்? ஆற்றைக் கடந்து சென்று அங்கே நின்ற தாதியல்லவா?

பேரூர்களில் இவ்வரம்பை உடைத்தது மாரடைப்பு. 1960 களின் தொடக்கம் வரை, மாரடைப்பினால் வைத்தியசாலை வந்தோரில் ஏறக்குறைய நூற்றுக்கு முப்பதின்மர் அங்கேயே மாண்டனர். இதயம் ஒழுங்கிழந்து நடுங்கி நின்றுவிடுதலே அவருட் பலரின் சாவுக்குக் காரணம். மின்னதிர்ச்சியால் அதனை மீட்கலாமென 1956 இல் சொல் என்பாரும், நெஞ்சை அமுக்கிக் குருதியோட்டத்தைக் காக்கலாமென 1960 இல் கூவன்ஹோவன் குழுவினரும் காட்டியிருந்தனர். ஆயின் நான்கைந்து நிமிடத்துள் செய்யாவிடின் மூளை கெடும். தாதி கண்டு, வைத்தியரை அழைத்து, அவர் படியேறி வந்து பார்க்கும்வரை அந்நிமிடங்கள் காத்திரா. 1962 அளவில் கான்சஸ் நகரத்திலும் பிலடெல்பியாவிலும் இதயநோயாளர்க்கெனத் தனிப்பிரிவுகள் அமைந்தன. பிலடெல்பியாவில் மெல்ற்சர் என்னும் வைத்தியர், றோஸ் பினியோ என்னும் தாதியோடு சேர்ந்து, தாதியர்க்கு இதய மின்வரைவைப் படித்துணரவும், கொடிய ஒழுங்கீனத்தைக் கண்டவுடன் தாமே மின்னதிர்ச்சி கொடுக்கவும் கற்பித்தார். திரையிலோடும் கோட்டைக் கண்டு, இது மரணக்கோடு என்று துணிவது நோய் துணிதலன்றி வேறென்ன? 1955 இன் வாசகம் ஏட்டில் இருக்க, நோயாளியின் அருகே அது வழக்கொழிந்தது.

1965 இல் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் சுகாதாரத் தாதியாகிய லொறெற்றா போர்ட் அம்மையாரும் குழந்தை வைத்தியர் ஹென்றி சில்வரும் ஒரு கல்விமுறையைத் தொடங்கினர். வைத்தியர் கிட்டாத ஊர்களின் குழந்தைகளைப் பார்க்கும் தாதியர்க்கு, நோய் வரலாறு கேட்டல், உடம்பு முழுவதையும் முறையாகப் பரிசோதித்தல், கண்டவற்றிலிருந்து முடிவுக்கு வருதல் ஆகியவற்றைக் கற்பித்தனர். "நர்ஸ் பிறக்ரிஷனர்" என்று இன்று வழங்கும் மேனிலைத் தாதியரின் தோற்றம் அதுவே. இதனை எதிர்த்தோர் வைத்தியர் மட்டுமென்று நினையற்க. தாதியக் கல்வியாளர் பலரும் கடுமையாக எதிர்த்தனர். தாதியை அரைகுறை வைத்தியராக்கித் தம் தொழிலின் தன்மையை அழிப்பது இது என்பது அவர் குறை. அவ்வச்சம் பொருளற்றதென யாம் கூறோம். தனித்தொழிலாய்த் தலைநிமிர முயன்ற ஒரு குலத்தார்க்கு அது இயல்பே.

ஆயினும் அவர் காணாததொன்று உண்டு. பரிசோதிக்கும் கையையும் துணியும் கருத்தையும் பிரித்துக் கற்பிக்க இயலாது. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவாம். இருமலும் சுரமுமுள்ள ஒருவரின் வலப்பக்கக் கீழ்மார்பைத் தட்டினால் மங்கொலி கேட்கிறது. அவுன்புறுக்கர் இங்கே நின்றுவிட்டால், நீரென்பதா, சுவாசப்பை கட்டிபட்டு இறுகிய நிமோனியா என்பதா? இரண்டிலும் ஒலி மங்கும். ஆகவே அடுத்ததாக உள்ளங்கையை அங்கே வைத்து நோயாளியைப் பேசச் சொல்லல் வேண்டும். இறுகிய சுவாசப்பை குரலின் அதிர்வை மிகுத்துக் கைக்குத் தரும். இடையில் நீர் கட்டியிருந்தால் அதிர்வு குன்றும். பின்னர் குழலை வைத்துக் கேட்டால், இறுகியவிடத்தில் மூச்சுக் குழாயின் கரகரத்த ஒலி அப்படியே வரும். நீருள்ளவிடத்தில் மூச்சொலி தேய்ந்தோ இல்லாமலோ போகும். மங்கொலியைக் கேட்டவுடன் இரண்டு கருதுகோள்கள் மனத்தில் எழாவிட்டால் கையை வைத்துப் பார்க்கத் தோன்றாது; தோன்றினும் எதற்காக வைத்தோமென்று தெரியாது. "கேட்டதை எழுது, கருதாதே" என்று கற்பிக்கப்பட்டவள் முதற்படியோடு நின்றுவிடுவாள்.

வயிற்றுப் பரிசோதனையில் வரிசைமுறை மாறுவதும் இத்தகையதே. ஏனைய இடங்களில் பார்த்தல், தொடுதல், தட்டுதல், கேட்டல் என்பது முறை. வயிற்றிலோ பார்த்தபின் கேட்டலே முதலில் வரும். தட்டுதலும் தொடுதலும் பின்னரே. தொட்டழுத்தினால் குடலின் இயக்கம் மாறி, கேட்கும் ஒலியும் மாறக்கூடும் என்பது காரணமாகச் சொல்லப்படுகிறது. நோவுள்ள இடத்தை இறுதியிலேயே தொடவேண்டும். முதலில் தொட்டால் நோயாளி வயிற்றை இறுக்கிக்கொள்வான், பின்னர் ஒன்றும் அறிய இயலாது. காரணம் தெரியாது வரிசையை மனனஞ் செய்தவர் பரீட்சையில் தேறுவர், கட்டிலருகில் தடுமாறுவர்.

துணியும் கருத்தின் இயல்பை ஆராய்ந்தோர் பலர். லெட்லி, லஸ்ரெட் என்னும் இருவர் 1959 இல் தருக்கம், நிகழ்தகவு ஆகியவற்றால் அதனை விளக்க முயன்றனர். எல்ஸ்ரைன் குழுவினர் 1978 இல் வெளியிட்ட நூல் வேறொன்றைக் காட்டிற்று. எல்லாவற்றையும் திரட்டிய பின்னரே வைத்தியர் முடிவு காண்கிறார் என்று பாடநூல்கள் கூறின. உண்மையில் அனுபவமுள்ள வைத்தியர், நோயாளி பேசத் தொடங்கிய சில நிமிடங்களிலேயே சில கருதுகோள்களை அமைத்துக்கொண்டு, பின் அவற்றைச் சோதிக்கவே வினவுகிறார், தொட்டும் பார்க்கிறார். தேர்ந்தவருக்கும் புதியவருக்கும் இம்முறையில் வேற்றுமை அதிகமில்லை. அடிப்படை அறிவிலேயே வேற்றுமை. இம்முறைக்கு ஓர் ஆபத்தும் உண்டு. முதலில் தோன்றிய கருத்திலேயே பற்று வைத்து, அதற்கு மாறான குறியைக் கண்டும் காணாதிருத்தல் எளிது. பாரிஸ் வைத்தியரை இதிலிருந்து காத்தது பிரேத மேசை. மறுநாள் அது அவர் பிழையைக் காட்டிவிடும். உயிருள்ளோரையே பார்த்து அனுப்பிவிடும் இக்காலத்தவர், தம் கருத்தைப் பொய்ப்பிக்கக்கூடிய குறி எது எனத் தாமே தேடிப் பார்த்தல் வேண்டும். மேனிலைத் தாதியர் கல்வியில் இது இன்று ஒரு பாடம்.

சட்டம் மெல்லப் பின்தொடர்ந்தது. ஐடாகோ மாநிலம் 1971 இல் மேனிலைத் தாதியர் நோய் துணிதலையும் மருத்துவம் செய்தலையும் ஏற்றது. நியூயோர்க் மாநிலம் 1972 இல் தாதியத்தின் வரைவிலக்கணத்தில் துணிதல் என்னும் சொல்லையே சேர்த்தது. ஆயின் நோயைத் துணிதல் என்னாது, நோய்க்கு மனிதர் காட்டும் எதிர்விளைவுகளைத் துணிதல் என்று நுட்பமாகச் சொற்புணர்த்தியது. சட்டம் வரைந்தோர் இருபக்கத்தாரையும் மகிழ்விக்க முயன்றனர் போலும்.

தாதியரிடம் விட்டால் நோயாளர்க்குத் தீங்கு வருமோ என்ற வினாவுக்குச் சோதனையாலேயே விடை காண முயன்றனர். கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்துப் பேளிங்ரன் நகரில் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் இரு கூறாக்கி, ஒரு கூற்றாரை வைத்தியரும் மற்றையோரை மேனிலைத் தாதியரும் முதலிற் பார்க்க ஏற்பாடு செய்தனர். 1974 இல் வெளிவந்த முடிவின்படி இரு கூற்றாரின் நலத்திலும் வேற்றுமை காணப்படவில்லை. நியூயோர்க் நகரில் 1,316 நோயாளரைக் கொண்டு செய்யப்பட்டு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த சோதனையும் அவ்வாறே முடிந்தது. ஆறு மாத காலம் பார்த்ததைக் கொண்டு அரிய நோய்களைத் தவறவிடுதல் பற்றி எதுவும் கூறவியலாது என்று வைத்தியர் சிலர் மறுத்தனர். மறுப்பு நியாயமானதே. ஆயின் அரிய நோயைத் தவறவிடும் வாய்ப்பு எத்துறையார்க்கும் உண்டு; அதனை அளந்து ஒப்பிட்டாலன்றி ஒருவரை மட்டும் குறைகூறல் பொருந்தாது.

லொறெற்றா போர்ட் அம்மையார் 2025 சனவரியில், தம் 104 ஆம் அகவையிற் காலமானார். அமெரிக்க மாநிலங்களில் இன்று பாதிக்கு மேற்பட்டவை மேனிலைத் தாதியர்க்குத் தாமே பரிசோதித்து, துணிந்து, மருந்தெழுதும் முழுவுரிமை அளித்துள்ளன. ஏனையவற்றில் வைத்தியர் ஒருவரோடு எழுத்துடன்படிக்கை வேண்டும், அல்லது அவர் மேற்பார்வை வேண்டும். மாநில எல்லையைக் கடந்து வேலைக்குச் செல்லும் தாதி, நேற்று ஒரு மார்பிலே கேட்டு நிமோனியா என்று தன் பெயரில் எழுதியதை, இன்று மற்றொரு மார்பிலே கேட்டபின் வைத்தியரின் உடன்பாட்டோடு எழுதுகிறாள்.